இளகிய பக்கம்

நீடாமங்கலம் கேட் திறந்தது.
நெல் லாரி நகர்ந்தது, அதன் பின்னே பஸ்,
பஸ்ஸின் பின்னே நான்.
முதல் கியர். கிளட்சை விட்டேன்.
என்ஜின் உறுமிற்று,
ஸ்பீடோமீட்டர் முள் இருபதைத் தொட்டது,
வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

இருபது கிலோமீட்டர் வேகத்தில்
ஒருத்தி நின்றுகொண்டிருக்க முடியும் என்பது
பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்குத் தெரியாது.
பின்சீட்டில் ஐஸ் பெட்டி.
அதற்குள் கொரடாச்சேரியில் விடியலில் எடுத்த
பதினாலு பேர் ரத்தம்.
ஒன்பதுக்குள் மன்னார்குடி லேபில் இருக்க வேண்டியது.

ஓரத்துக்குத் தள்ளிவிட்டவர்களில்
குஞ்சப்பன் மட்டும் போகவில்லை.
மூட்டை ஏற்றுகிறவர், தோளில் சாக்குத்தூசி.
"கிளட்சா, தையலு?"
இல்லை என்றேன்.
கிளட்ச் வழுக்கினால் முள் எழாது.
எழுந்திருக்கிறது, ஆக
பலம் கியர்பாக்ஸ் தாண்டி வந்துவிட்டது.
வந்தது எங்கே போனது?

குனிந்து பார்க்குமுன்பே வாடை சொல்லிவிட்டது.
கியர் ஆயில்.

ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றிய ஆக்சில் அது.
ஜெயசீலன் நாலாயிரத்து ஐநூறு கேட்டான்,
நான் ஜாக்கியைக் கேட்டு வாங்கிவந்தேன்.
புதுக் கிளிப் எண்பது ரூபாய் என்றார்கள்;
பழசுக்கு என்ன கேடு என்று அதையே மாட்டினேன்.
உள்ளே போய் உட்காரும்போது
டக் என்று கேட்க வேண்டும்.
நான் தள்ளிய நேரம் பார்த்து
சரக்கு ரயில் ஒன்று ஐம்பது பெட்டியோடு போனது.
கேட்ட மாதிரி இருந்தது.
கேட்டதாகவே வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வண்டி என்னிடம் சொல்லாமலில்லை.
சிமெண்ட் தரையில் ஒரு சொட்டு:
பழைய கறை என்றேன்.
மிதித்தால் நடுக்கம், காலை எடுத்தால் இல்லை:
வெண்ணாற்றுப் பாலத்து ரோட்டைத் திட்டினேன்.
நேற்று ரிவர்ஸ் போட்டபோது டொக் என்றது.
ஐஸ் பெட்டி உருண்டிருக்கும் என்று
திரும்பிக்கூடப் பார்த்தேன்.
ஊராருடைய ஒரு சொட்டு ரத்தத்தில்
என்னவெல்லாமோ கண்டுபிடிக்கிறவள் நான்.

"இடது பக்கந்தானே கழண்டிருக்கு,
வலது சக்கரம் இழுக்கக் கூடாதா?"
நியாயமான கேள்வி.
மூணாறு தலைப்பைக் காட்டுவதுபோல்
மேற்கே கையை நீட்டினேன்.
"மூணு பக்கமும் பிரியுற இடத்துல
ஒரு ஷட்டர் பிச்சுக்கிட்டா,
பாமணியாத்துல தண்ணி ஏறுமா?"
அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.
அவருடைய முக்கால் மா
பாமணியாற்றுக் கடைமடையில் கிடக்கிறது.
தண்ணீரும் சரி, டிஃபரன்ஷியலும் சரி,
இளகின பக்கமே மொத்தமாய்ப் போகும்.
பிடித்து நிற்கிற பக்கத்துக்கு ஒன்றும் வராது.

ஜாக்கி ஏற்றினோம். படுத்துப் பார்த்தேன்:
ஒரு விரற்கடை வெளியே வந்து
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
இரும்புக் கம்பியை உள் கப்பில் வைத்தேன்.
இரண்டு அடி. மூன்று.
மணி அடித்தது, கேட் மறுபடி இறங்கியது.
இரு பக்கமும் ஒவ்வொரு வண்டியாய் அணைய,
ரயில் இன்னும் வராத அந்த
அரை நிமிஷம்
நீடாமங்கலத்தில் அவ்வளவு அமைதி
இருக்குமென்று நினைத்ததில்லை.
நாலாவது அடி.

"விழுந்திருச்சு" என்றார் குஞ்சப்பன்,
எனக்கு முன்னே கேட்டுவிட்டு.
நம்பாமல் பிடித்து இழுத்தேன். வரவில்லை.
இன்னொரு தரம் இழுத்தேன்.
ஞாயிறு மிச்சம் வைத்த ஆயிலை ஊற்றினேன்.

லேபை அடையும்போது ஒன்பதே முக்கால்.
வெறும் வயிற்றுச் சர்க்கரை இரண்டு செல்லாதாம்;
நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு
மறுபடி குத்த வேண்டும்.
கடையில் கிளிப் வாங்கினேன்.
விலை இப்போது எண்பத்தைந்து.

திரும்பும் வழியில், தேரடி முனையில்
இடதுபுறம் ஒடித்தபோது
கட், கட், கட்.
வலது சக்கரத்திலிருந்து.
நான் தொடாத பக்கம்.

ரேடியோவை அணைத்துவிட்டு
இன்னொரு முறை ஒடித்தேன்.